வளவு நிரம்புகிறது, வகுப்பு காலியாகிறது: இதில் எது சனத்தொகைப் பெருக்கம்?

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல் துண்டு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் வளவுக்கு ஒரு வீடு, சுற்றிக் கிடுகு வேலி. இப்போது அதே வளவில் மூன்று வீடு, குறுக்கே மதில், மோட்டார் சைக்கிளைத் திருப்பவே இடமில்லை. கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும்தான்.

சரி, சனம் பெருத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகனைத் தரம் ஒன்றில் சேர்க்கப் போனால் வகுப்பில் பாதி வாங்கு காலி. நான் படித்த அதே வகுப்பறைதான். எங்கள் காலத்தில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இருந்தோம்.

மனைவியின் பெரியப்பா வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறவர். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “மனிசனும் அறக்கொட்டியும் ஒன்றுதான் மருமகன். தின்ன இருக்கும் மட்டும் பெருகும், பிறகு வட்டையோடு சேர்ந்து எரியும்.” (அறக்கொட்டி என்றால் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, வட்டை என்றால் வயல்வெளி. பூச்சி கூடினால் பயிர் எரிந்ததுபோல் காய்ந்துவிடும்.) மச்சாள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து தொகை பெருகும் விதத்தைக் கீறிய எஸ் வடிவ வளைவைக் காட்டி, எரியாது, மேலே போய் ஒரு மட்டத்தில் நிற்கும் என்கிறாள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? எங்கள் ஊரில் நடப்பதற்கு இதில் எது பொருந்தும்?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:

தம்பி, நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். சேவையில் பெரும்பகுதி சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில்தான் போனது. உங்கள் பெரியப்பாவின் அறக்கொட்டி எனக்கு நல்ல பழக்கம். முதலில் அதை முடித்துவிட்டு மனிதருக்கு வருகிறேன்.

அறக்கொட்டியை வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. வயலுக்குள் இறங்கிக் குனிந்து, தூரை இரண்டு கையாலும் பிரித்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் கபில நிறத்தில் பொலபொலவென்று தண்ணீரில் விழும். விழுந்தது சாகாது. நீர்மேலேயே பக்கவாட்டில் ஓடிப் பக்கத்துத் தூரில் ஏறிவிடும். முட்டை மட்டைக்குள்ளே செருகி இருக்கும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் இடும், ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். உங்கள் பெரியப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் கவனித்திருக்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, இதே பூச்சியில் குட்டைச் செட்டை, நீளச் செட்டை என்று இரண்டு வடிவம். பயிர் பசுமையாக, கூட்டம் குறைவாக இருக்கும்போது வருவது குட்டைச் செட்டைக்காரி. பறக்க மாட்டாள், இருந்த இடத்திலேயே முட்டை போடுவாள். நெருக்கம் கூடிப் பயிர் வாடத் தொடங்கினால் பிறக்கும் குஞ்சுகள் நீளச் செட்டையோடு வளர்ந்து வேறு வயல் தேடிப் பறந்துவிடும். அதாவது, நெருக்கமே பெருக்கத்தைக் குறைக்கிறது. மச்சாளின் கொப்பியில் அடர்த்தி சார்ந்த காரணி என்று எழுதியிருப்பது இதைத்தான். (நீளச் செட்டை என்றதும் கட்டாருக்குப் போன உங்கள் சிநேகிதர்கள் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

மற்றது, எல்லா வட்டையும் எரிவதில்லை. பெரும்பாலான போகங்களில் பெரும்பாலான வயல்களில் அறக்கொட்டி இருந்துகொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. தூருக்குள் ஓடித் திரியும் சிலந்தியும், அறக்கொட்டியின் முட்டையை உறிஞ்சும் ஒரு சின்னப் பச்சை நாவாய்ப் பூச்சியும் கணக்கைச் சரி பண்ணிக்கொண்டிருக்கும். வட்ட வட்டமாக எரிந்த வயலில் போய் விசாரித்தால் கதை அநேகமாக ஒன்றுதான்: நெருக்கி விதைத்திருப்பார்கள், யூரியா தாராளம், ஆரம்பத்திலேயே மருந்தும் அடித்தாயிற்று. மருந்து சிலந்தியைக் கொல்லும். மட்டைக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு வெளியே வரும் குஞ்சுக்கு எதிரியே இல்லை. இந்தோனேசியாவில் இதே பிரச்சினை முற்றி, 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைக் கிருமிநாசினிகளை அரசாங்கமே தடை செய்தது. இங்கே நான் இதைச் சொன்னால், “சேர், மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தாங்க” என்பார்கள்.

இனி மனிதர். எஸ் வளைவை 1838இல் எழுதியவர் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணிதவியலாளர். அவர் மனதில் இருந்தது பூச்சி இல்லை, மனிதத் தொகைதான். அதற்கு நாற்பது வருடம் முன்னால், 1798இல், மல்தஸ் பாதிரியார் உங்கள் பெரியப்பாவின் கட்சியைப் பேசினார்: வாய்கள் பெருகும் வேகத்துக்குச் சோறு பெருகாது, பஞ்சமும் நோயும் வந்து சரிசெய்யும் என்று. அப்போது உலகத்தில் நூறு கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் எண்ணூறு கோடி. 1920இல் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்கர் வெர்ஹுல்ஸ்டின் வளைவைத் தூசி தட்டி எடுத்து, அமெரிக்காவின் சனத்தொகை 19 கோடியே 70 லட்சத்தில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். 1967இலேயே அமெரிக்கா இருபது கோடியைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு 33 கோடிக்கும் மேல்.

பேர்ல் போட்ட கணக்கில் பிழை இல்லை. வளைவின் மேல்மட்டம் ஒரே இடத்தில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் உதைத்தது. மச்சாளின் படத்தில் ‘கே’ என்று நேர்கோடாகப் போட்டிருப்பார்களே, அந்தத் தாங்கு கொள்ளளவு (ஓர் இடம் தாங்கக்கூடிய ஆகக்கூடிய தொகை), மனிதர் விஷயத்தில் அவர்களே மேலும் கீழும் நகர்த்தும் கோடு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அமோனியா ஆக்கும் தொழிற்சாலையை 1913இல் ஜெர்மனியில் தொடங்கினார்கள். உங்கள் யூரியா மூட்டையின் பூர்வீகம் அது. இன்று உலகத்தில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாப்பாடு அந்த நைதரசனில்தான் நிற்கிறது. கோடு கீழே இறங்குவதையும் நாம் பார்த்தோம். 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது அல்லவா? அந்தப் பெரும்போகத்தில் அக்கரைப்பற்றிலிருந்து உள்ளே போனால் இரண்டு பக்கமும் வயல் மஞ்சள். தூர் கட்டவில்லை, கதிர் வந்ததும் பாதி பதர். மண் அதே மண், குளம் அதே குளம், செய்தவனும் அதே ஆள்.

ஆகவே பெரியப்பாவிடம் சொல்லுங்கள், பஞ்சம் வரவே வராது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மனிதத் தொகையின் வேகம் குறைந்தது பஞ்சத்தில் முட்டி அல்ல. உலக வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருந்தது 1960களில், ஆண்டுக்கு இரண்டு வீதத்துக்கு மேல். இப்போது ஒரு வீதத்துக்கும் கீழே. அந்தக் காலத்தைவிட ஆளுக்குக் கிடைக்கும் சாப்பாடு கூடியிருக்கிறது, பிள்ளை குறைந்திருக்கிறது. அறக்கொட்டியில் இப்படி ஒருநாளும் நடக்காது. தீனி கூடினால் முட்டை கூடும், அவ்வளவுதான் அதன் சட்டம். மச்சாளின் எஸ் வளைவும் இங்கேதான் இடறுகிறது: படம் பார்க்க அதே மாதிரி வரும், வளைத்த கை வேறு.

நம் நாட்டையே பாருங்கள். 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 ஒரு வயதைத் தாண்டவில்லை. டீடீடீ கொசுமருந்து தெளித்து மலேரியாவை அடக்கினார்கள், கிராமத்துக்குக் கிராமம் ஆஸ்பத்திரியும் மிட்வைஃபும் வந்தார்கள். ஒரே வருடத்தில், 1947க்குள், நாட்டின் மொத்த இறப்பு வீதம் ஆயிரத்துக்கு இருபதளவிலிருந்து பதினான்களவுக்கு இறங்கிவிட்டது. பிறப்பு உடனே இறங்கவில்லை. அந்த இடைவெளிதான் பெருக்கம். 66 லட்சமாக இருந்த நாடு 1981இல் 1 கோடியே 48 லட்சம்.

பிறகு பிறப்பும் இறங்கியது. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைக்கு மேல், 1990களில் இரண்டுக்குக் கிட்ட. யாரும் பலவந்தம் செய்து நடந்ததில்லை. பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நீடித்தார்கள், கலியாணம் பிந்தியது. மிட்வைஃப் சைக்கிளில் வந்து கொப்பியை விரித்து, போன தவணைக்கு ஏன் கிளினிக் வரவில்லை என்று முற்றத்தில் நின்றே என் அம்மாவை அதட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு நாங்கள் ஏழு பேர். என் தங்கைக்கு மூன்று, அவளின் மகளுக்கு ஒன்று.

வளவு விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன், கை நோகிறது.

சம்மாந்துறையான்:

வளவுக் கதையை நான் சொல்கிறேன், சேர் ஆறுதலாக வரட்டும்.

எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் ஒரே வழமைதான், தமிழர் முஸ்லிம் என்று வித்தியாசம் இல்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் உம்மம்மாவுக்கு ஒரு வளவு. மூன்று மகள்மார். மூத்தவ கலியாணத்தோடு பெரிய வீட்டை அவவுக்கு எழுதிவிட்டு, உம்மம்மாவும் அவவின் கணவரும் பின்னால் ஒரு குசினியும் அறையும் போட்டு ஒதுங்கினார்கள். இரண்டாவது எங்கள் உம்மா, அவவுக்குக் கிணற்றடிப் பக்கம். சாச்சிக்கு இடமில்லாமல் மேலே தட்டுப் போட்டார்கள். இப்போது எனக்கு ஒரே மகள். அவளுக்கும் வீடு கட்ட வேண்டும்.

ஆக மூன்று தலைமுறையில் ஆள் தொகையைவிட வீட்டுத் தொகைதான் வேகமாகக் கூடியது. உம்மம்மா காலத்தில் ஒரு கூரைக்குக் கீழே பதினொரு பேர். இன்றைக்கு அதே வளவில் நான்கு கூரை, எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேர். வெளியே இருந்து பார்க்கிறவன் சனம் நான்கு மடங்காகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

தண்ணீருக்கு வருவோம். மணலுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி நிற்பதைத்தான் நாம் கிணறு என்று இறைக்கிறோம். ஒரு வளவில் நான்கு மலசலகூடக் குழி, ஒரு கிணறு. மணல் எதையும் மறைக்காது. நீங்கள் சொன்ன ‘கே’ எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள அடிக் கணக்கைக் காட்டுவேன்.

படுவான்கரை டீச்சர்:

வாவிக்கரை தம்பிக்கு ஒரு விஷயம். வாங்கு காலியாக இருப்பது முழுவதும் பிறப்புக் குறைந்ததால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய பிள்ளைகள் விடிய ஆறு மணிக்கு வேனில் ஏறிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போகிறார்கள். அங்கே வகுப்பில் நாற்பதுக்கு மேல், இங்கே கூப்பிட்டால் எதிரொலி. போக வசதியில்லாதவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம். இதைச் சனத்தொகை என்று பேசுவது பெற்றோருக்கும் வசதி, அதிகாரிகளுக்கும் வசதி.

அப்புறம் தண்ணீர். உங்கள் கிணறு பழுதானதும் குழாய் வந்தது. மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், கல்முனைப் பக்கத்துக்குக் கொண்டவட்டவான் குளத்துத் தண்ணீர். தாங்கு கொள்ளளவைக் கூட்டியது நல்லதுதான், கூட்டிய தண்ணீர் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஆனி, ஆடியில் எங்கள் கிராமங்கள் சிலவற்றில் பவுசர் வரும்வரை குடத்தோடு நிற்கிறோம். மேலே போகும் கோட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

உண்மை விளம்பி:

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். ஒரு சமூகம் மட்டும் திட்டம் போட்டுப் பெருக்குகிறது. அதை ஏன் சொல்ல மாட்டீர்கள்?

சம்மாந்துறையான்:

திட்டக் கூட்டத்துக்கு எனக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை அண்ணன். ஒரு மகளுக்கு வீடு கட்டவே வட்டிக்கு வாங்கி நிற்கிறேன்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:

உண்மை விளம்பிக்கு: இந்தப் பேச்சை நான் மூன்று சமூகத்தின் வரம்பிலும் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு இடத்திலும் பெருக்குகிறவன் பக்கத்து ஊர்க்காரன். ஒரு சமூகத்தில் பிறப்புக் கொஞ்சம் முந்திக் குறையும், ஒன்றில் கொஞ்சம் பிந்தும். பெண்கள் எவ்வளவு படிக்கிறார்கள், எத்தனை வயதில் கலியாணம், இதைப் பொறுத்தது அது. மதத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் ஈரானைப் பார்க்கலாம். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்தது, இருபது வருடத்தில் இரண்டளவுக்கு வந்துவிட்டது. பங்களாதேஷில் 1970களில் ஏழுக்குக் கிட்ட, இப்போது இரண்டுக்குச் சற்று மேலே. இதற்கு மேல் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

டீச்சர் சொன்ன இரண்டும் முக்கியம், அதிலும் தண்ணீர் விஷயம் கூடுதல் முக்கியம். பூச்சிக்குத் தாங்கு கொள்ளளவு அதன் காலடியில் இருக்கும் தூர். மனிதனுக்கு அது யாரோ ஒருவரின் குளத்தில் இருக்கிறது.

இனித் தம்பியின் கேள்விக்கு மிச்சம். எங்கள் பக்கம் சனம் கூடவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. 1981 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டம் 3 லட்சத்து 30 ஆயிரம், அம்பாறை 3 லட்சத்து 89 ஆயிரம். 2012இல் மட்டக்களப்பு ஐந்தேகால் லட்சம், அம்பாறை ஆறரை லட்சம். இடையில் யுத்தம், 2004 சுனாமி, போனவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் எல்லாம் இருந்தும் இவ்வளவு. பிள்ளை குறையத் தொடங்கிய பிறகும் ஏன் கூடியது என்றால், ஐந்தும் ஆறுமாகப் பிறந்த காலத்துப் பெண் பிள்ளைகள் வளர்ந்து தாய்மாராகிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டே பெற்றாலும் தாய்மார் தொகை பெரிது. அந்த உந்தல் அடங்க இரண்டு தலைமுறை எடுக்கும்.

அது அடங்கும் காலத்தில்தான் உங்கள் மகன் பள்ளிக்கூடம் போகிறான். 2012இல் நாடு முழுவதும் மூன்றரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் பிறந்தார்கள், 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே. 2022 நெருக்கடி, கலியாணத்தைத் தள்ளிப் போடுவது, கடவுச்சீட்டு வரிசை என்று பல காரணம். 2023இல் பிறந்தவர்கள் தரம் ஒன்றுக்கு வரும்போது இன்னும் வாங்கு காலியாகும். 2024 கணக்கெடுப்பில் நாடு 2 கோடியே 17 லட்சம், வளர்ச்சி ஆண்டுக்கு அரை வீதம்தான். எனவே உங்கள் வளவு நிரம்புவது பழைய பிறப்பின் பாக்கியும் சீதன வீடும் சேர்ந்து. வகுப்பு காலியாவது புதிய பிறப்பும் டீச்சர் சொன்ன வேனும் சேர்ந்து. இரண்டும் ஒரே ஒழுங்கையில் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

வாவிக்கரை:

நன்றி ஐயா, டீச்சர், நானா. மச்சாள் பக்கத்தில் இருந்து வாசித்தாள். பரீட்சையில் எஸ் வளைவைத்தானே கீற வேண்டும் என்கிறாள். பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “அப்ப யானை? வெல்லாவெளியில் வந்து பார்க்கச் சொல்லு, அது பெருகவில்லை என்று அவர் சொல்லட்டும்” என்கிறார்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:

மச்சாள் எஸ் வளைவையே கீறட்டும். மதுவத்துக்கும் தண்ணீர்ப் பாசிக்கும் அது அச்சொட்டாக வரும், கேள்வியும் அவற்றைப் பற்றித்தான் இருக்கும். மனிதரைக் கேட்டால் பிறப்பு வீதம், இறப்பு வீதம் என்று இரண்டு கோடு போட்டு, இறப்பு முதலில் விழ, பிறப்பு பிந்தி விழுவதைக் காட்டச் சொல்லுங்கள்.

யானை அறக்கொட்டிக்கு நேர்மாறு. சினைக்காலம் இருபத்திரண்டு மாதம், ஒரு தடவைக்கு ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு நான்கைந்து வருடம். திடீரென்று பெருக அதன் உடம்பிலேயே வழியில்லை. 2011இல் நாடு முழுவதும் எண்ணியபோது 5,879. அதன் பிறகு வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் செத்துக்கொண்டுதான் இருக்கிறது, சூடுபட்டும், மின்வேலியிலும், தீனிக்குள் மறைத்த வாய்வெடி கடித்தும். பெரியப்பாவின் வயலுக்கு வருவது கூடியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. யானை போய்வந்த காட்டுத் துண்டுகள் வயலும் சேனையும் ஆகிவிட்டன, நடக்கிற பாதை மாறவில்லை, நடுவில் நெல் நிற்கிறது. அவர் இளவயதில் அந்த வயலுக்கு மேற்கே என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதிலை இங்கே போடுங்கள், எனக்கும் அந்தப் பக்கத்து விபரம் தேவை.